இளஞ்சிவப்பு நுரைவைனின் வரலாறு: குடும்பத் தோட்டமும் வணிக நிலவறையும்

ஒரு பொருள் முதன்முதலில் எங்கே, எவராற் செய்யப்பட்டது என்னும் வினா பலருக்குச் சுவையானது. ஆயினும், அப்பொருளைச் செய்யும் உரிமை காலப்போக்கில் எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறியது என்னும் வினாவே பொருளாதார வரலாற்றைக் கற்போருக்குப் பெரிதும் பயன்தருவதாகும். இவ்விரண்டாம் வினாவை ஆராய்வதற்குப் பிரான்சு நாட்டின் நுரைவைன் ஏற்றதோர் எடுத்துக்காட்டு.

நுரைவைன் என்றதும் அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள ஷம்பேன் மாநிலமும், அங்குள்ள பெரிய வணிக இல்லங்களும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் அதே நாட்டின் கிழக்கில், லியோன் நகருக்கும் ஜெனீவா நகருக்கும் இடையே பியூஜே என்னும் மலைப்பாங்கான நிலப்பகுதி உண்டு. அங்குள்ள சேர்தோன் என்னும் சிற்றூரிலும் அதனைச் சூழ்ந்த சில கிராமங்களிலும், சிறு கமக்காரக் குடும்பங்கள் இளஞ்சிவப்பு நிறமான ஒரு நுரைவைனைத் தம் தோட்டத்துப் பழத்திலிருந்து தாமே செய்து விற்று வருகின்றன. வெளியிலிருந்து சீனி சேர்க்காமல், பழத்திலுள்ள வெல்லத்தைக் கொண்டே அதில் நுரை பிறப்பிக்கப்படுகின்றது. நுரைவைனின் தொன்மையான வடிவம் இத்தகையதே. இவ்வடிவம் ஷம்பேனில் ஏன் மறைந்தது, சேர்தோனில் எவ்வாறு நிலைத்தது என்பவற்றை இக்கட்டுரை நோக்குகின்றது.

நம் நாட்டில் முந்திரிகை என்றும் தமிழகத்தில் திராட்சை என்றும் வழங்கும் பழமே இங்குப் பேசப்படுவது. மரமுந்திரிகையோடு இதனை மயங்கிக்கொள்ளல் ஆகாது.

நுரை பிறக்கும் விதம்

வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு நொதித்தலின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பனையிலிருந்து இறக்கிய கள், முட்டியிலேயே நுரைத்துப் பொங்குவதை நாம் அறிவோம். எவரும் அதில் எதனையும் இடுவதில்லை. காற்றிலும் முட்டியிலும் பாளையிலும் இயல்பாகவுள்ள மதுவம் என்னும் நுண்ணுயிர், சாற்றிலுள்ள வெல்லத்தை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் அம்மாற்றம் தடைப்படுகின்றது. சாறு இனிய கருப்பநீராகவே கிடைக்கின்றது. முந்திரிகைச் சாற்றிலும் நடைபெறுவது இதுவே. பழத்தோலிலும் நிலவறையிலுமுள்ள மதுவம் சாற்றைத் தானே நொதிக்கச் செய்யும். சுண்ணாம்பு கருப்பநீருக்குச் செய்யும் காவலுக்கு ஒப்பானதொரு காவலைக் கந்தகவீரொட்சைட்டு வைனுக்குச் செய்கின்றது.

திறந்த தொட்டியில் நொதித்தால் வாயு வெளியேறிவிடும். நொதித்தல் முடிவதற்கு முன்னரே சாற்றைப் போத்தலில் அடைத்து மூடினால், எஞ்சிய வெல்லம் போத்தலினுள் நொதிக்கும். வாயு வெளியேற வழியின்றி வைனிற் கரைந்து நிற்கும். மூடியைத் திறக்கும்போது அதுவே நுரையாக எழுகின்றது. ஒரு முறை தொடங்கிய நொதித்தலே போத்தலிலும் தொடர்வதால், இதனைப் பிரான்சியர் முன்னோர் முறை என வழங்குவர். ஷம்பேன் முறையிலோ, முழுமையாக நொதித்து முடிந்த வைனுக்குச் சீனியும் மதுவமும் சேர்த்துப் போத்தலில் இரண்டாம் நொதித்தல் உண்டாக்கப்படுகின்றது.

இவ்விரு முறைகளுக்குமிடையிலுள்ள வேறுபாட்டைச் சிறு கணக்கொன்று தெளிவாக்கும். மூடிய போத்தலில் ஓர் இலீற்றருக்கு ஏறத்தாழ 4 கிராம் வெல்லம் நொதித்தால் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் உண்டாகும். ஷம்பேன் செய்வோர் 24 கிராம் வரையிற் சீனி நிறுத்துச் சேர்ப்பதால் ஏறத்தாழ 6 வளிமண்டல அமுக்கம் கிடைக்கின்றது. முன்னோர் முறையில் நிறுத்துச் சேர்ப்பதற்கு எதுவுமில்லை. தொட்டியில் குறைந்துவரும் வெல்லத்தை நாள்தோறும் அளந்து, உரிய வேளையிற் போத்தலில் அடைத்தல் வேண்டும். வெல்லம் முற்றாக நொதிக்கும்வரை விடப்படும் வைனில் 10 முதல் 16 கிராம் வரை எஞ்சியிருக்கும்போது அடைத்தால், இரண்டரை முதல் நான்கு வளிமண்டல அமுக்கம் உண்டாகும். ஒரு நாள் தாமதித்தால் நுரை மெலிந்துவிடும். ஒரு நாள் முந்தினாற் போத்தல் வெடிக்கவுங் கூடும்.

இளஞ்சிவப்பு நிறமும் காலத்தைக் கணிப்பதாலேயே வருவது. கருநிற முந்திரிகைகளிற் பெரும்பாலானவற்றின் சாறு நிறமற்றது. நிறப்பொருள் தோலில் உள்ளது. தோலோடு பல நாட்கள் ஊறினாற் செவ்வைன் உண்டாகும். பழத்தை மெல்லப் பிழிந்தோ, சில மணி நேரம் மட்டும் தோலோடு ஊறவிட்டோ சாற்றைப் பிரித்தெடுத்தால் இளஞ்சிவப்பு நிறம் கிடைக்கும். வெண்வைனோடு செவ்வைனைக் கலந்து அந்நிறத்தைப் பெறுவதும் உண்டு. ஷம்பேனில் இக்கலப்பு முறை அனுமதிக்கப்பட்டுள்ளது. நுரையற்ற வைனிலும் அதனை அனுமதிப்பதற்கு ஐரோப்பிய ஆணைக்குழு முன்வைத்த திட்டம், பிரான்சிலும் இத்தாலியிலும் எழுந்த எதிர்ப்பினால் 2009 ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது.

குறை என்று கருதப்பட்ட நுரை

ஷம்பேன் குளிர்மிக்க நிலம். இலையுதிர் காலத்தில் அறுவடை செய்த பழத்தின் சாறு முற்றாக நொதிப்பதற்கு முன்னரே மாரிக்குளிர் வந்து மதுவத்தை உறங்கச் செய்துவிடும். வசந்தத்தில் வெப்பம் மீண்டதும் நொதித்தலும் மீளும். இடைப்பட்ட காலத்தில் அவ்வைன் பீப்பாவில் இருந்தால் சிறிது பொங்கி அடங்கும். போத்தலில் இருந்தால் போத்தல் உடையும். எனவே, நுரை என்பது நெடுங்காலமாக ஒரு குறையாகவே எண்ணப்பட்டது. நுரைவைனைக் கண்டுபிடித்தவர் எனக் கதைகளிற் போற்றப்படும் டொம் பெரினியோன், 1668 ஆம் ஆண்டு முதல் 1715 ஆம் ஆண்டில் இறக்கும்வரை ஓவில்லே மடத்தின் பண்டகசாலைப் பொறுப்பாளராக இருந்த துறவி. அவருடைய உழைப்பிற் பெரும்பகுதி தெளிந்த, நுரையற்ற நல்ல வைனைச் செய்வதிலேயே சென்றது. அவரை நுரையின் தந்தையாக்கிய கதை அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் பரவியதாகும்.

நுரையை விரும்பத்தக்கதாக்கியவர்களுள் ஆங்கிலேயருக்கு முக்கிய இடமுண்டு. கடற்படைக்கு வேண்டிய மரத்தைக் காக்கும் நோக்கோடு, கண்ணாடி உலைகளில் விறகு எரித்தலை 1615 ஆம் ஆண்டில் அரசர் முதலாம் ஜேம்சு தடைசெய்தார். உலைகள் நிலக்கரிக்கு மாறின. நிலக்கரியின் மிகுந்த வெப்பத்தில் உருவான கண்ணாடி தடித்ததாயும் வலியதாயும் அமைந்தது. 1662 ஆம் ஆண்டு டிசெம்பரில் கிறிஸ்தோபர் மெரற் என்னும் மருத்துவர் றோயல் சங்கத்திற்கு அளித்த கட்டுரையில், இலண்டன் வைன் வணிகர் எல்லா வகை வைன்களுக்கும் சீனியும் பாகும் சேர்த்து அவற்றை நுரைக்கச் செய்வதைக் குறிப்பிடுகின்றார். டொம் பெரினியோன் ஓவில்லே வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது.

1728 ஆம் ஆண்டிற் பிரான்சிய அரசர் பதினைந்தாம் லூயி, ஷம்பேன் வைனைப் போத்தல்களில் அடைத்து அனுப்புவதற்கு அனுமதி வழங்கினார். அதற்கு முன் வைன் பீப்பாவிலேயே அனுப்பப்படுதல் வேண்டும் என்பது விதி. பீப்பாவில் நுரை நில்லாது. ஆகவே இவ்வொரு சட்டமாற்றமே நுரைவைன் வணிகத்துக்கு வாயிலைத் திறந்தது எனலாம். மறு ஆண்டிலேயே ருய்னார் என்னும் வணிக இல்லம் நிறுவப்பட்டது. அவ்வில்லத்தின் கணக்கேட்டில் 1764 ஆம் ஆண்டில் இளஞ்சிவப்பு வைன் 60 போத்தல்கள் அனுப்பப்பட்ட பதிவு உள்ளது. கௌதாரியின் கண் என்று அந்நிறம் அங்குக் குறிக்கப்பட்டுள்ளது.

முதலின் ஆட்சி

போத்தலில் நுரையை அடைப்பது பெருஞ் செலவான தொழிலாயிற்று. தடித்த போத்தல், நல்ல தக்கை, சுண்ணக்கற் பாறையைக் குடைந்த ஆழமான நிலவறை, ஆண்டுக்கணக்கிற் காத்திருத்தல் ஆகிய யாவும் பணத்தை வேண்டிநின்றன. இவற்றுக்கு மேலாகப் போத்தல் உடைதலால் ஏற்பட்ட இழப்பு இருந்தது. சில ஆண்டுகளில் நிலவறையிலிருந்த போத்தல்களிற் பெரும்பகுதி வெடித்தழிந்தது. உள்ளே செல்லும் தொழிலாளர் இரும்புக் கம்பியாலான முகமூடி அணிந்தே சென்றனர். ஓராண்டு விளைச்சலின் பாதியை இழந்தும் அடுத்த ஆண்டு தொழிலைத் தொடரக்கூடியவன் வணிகனே, கமக்காரன் அல்லன். இவ்வாறு பழம் விளைவிப்போர் ஒருபுறமும் வைன் செய்வோர் மறுபுறமுமாகப் பிரிந்தனர்.

சாலோன் நகர மருந்தாளர் ஜோன் பப்ரிஸ்ற் பிரான்சுவா, 1836 ஆம் ஆண்டில் வைனிலுள்ள வெல்லத்தை அளந்து, சேர்க்க வேண்டிய சீனியைக் கணிக்கும் வழியை வெளியிட்டார். நொதித்தல் உயிருள்ள மதுவத்தின் செயல் என்பதை 1860 ஆம் ஆண்டை அண்டி லூயி பாஸ்ரர் நிலைநாட்டினார். இவற்றால் உடைவு குறைந்தது, உற்பத்தி பெருகியது. ஆனால் அப்பயன் முதலில் வணிக இல்லங்களையே சேர்ந்தது. இயல்பான வெல்லத்தை நம்பியிருந்த பழைய முறை, அளந்து சேர்க்கும் சீனிக்கு இடங்கொடுத்து விலகியது.

இப்பிரிவின் கொடுமை 1911 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. முந்திரிகை வேரை அழிக்கும் பிலொக்செரா என்னும் பூச்சி, 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரான்சு முழுவதும் பரவி, அந்நூற்றாண்டின் இறுதியில் ஷம்பேனையும் அடைந்தது. அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டிய புதிய கொடிகளை நாட்டுவதற்குக் கமக்காரர் கடன்பட்டனர். 1910 ஆம் ஆண்டில் ஆலங்கட்டி மழையாலும் பூஞ்சண நோயாலும் விளைச்சல் ஏறக்குறைய இல்லாதொழிந்தது. இந்நிலையில் வணிகர் சிலர் வேற்று மாநிலங்களிலிருந்து மலிந்த பழத்தையும் வைனையும் கொணர்ந்து ஷம்பேன் என்ற பெயரில் விற்றமை அவர்களின் சினத்தைத் தூண்டியது. 1911 ஆம் ஆண்டு ஜனவரியிலே டமறி முதலிய ஊர்களில் வைன் வீதியிற் கொட்டப்பட்டது. ஏப்ரல் மாதத்தில், ஷம்பேனின் எல்லையை நிர்ணயித்த விதியை நீக்குமாறு செனற் சபை கருத்துத் தெரிவித்த செய்தி பரவியதும், ஆயி என்னும் ஊரில் வணிகரின் கட்டடங்கள் தீக்கிரையாயின, படையினர் வரவழைக்கப்பட்டனர். 1908 ஆம் ஆண்டின் எல்லையினால் வெளியே தள்ளப்பட்டிருந்த ஓப் மாவட்டக் கமக்காரரும் தம் உரிமைக்காக அதே ஆண்டிற் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை ஷம்பேனுக்குள் முழுமையாகச் சேர்த்துப் பிணக்கைத் தீர்த்த சட்டம் 1927 ஆம் ஆண்டிலேயே வந்தது.

அக்கமக்காரர் தாம் பயிரிட்ட நிலத்தின் பெயருக்காகப் போராடினர். அப்பெயரின் மதிப்பு தம் உழைப்பிற் பிறந்தும், அதனால் வரும் வருவாய் பிறரைச் சேர்ந்ததென்பதே அவர்களின் முறைப்பாடு. 1930 ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்திற் பழத்தின் விலை வீழ்ந்தபோது, அவர்களுட் பலர் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தும் தனித்தும் தம் பெயரிலேயே வைன் செய்யத் தலைப்பட்டனர். எனினும் இன்றும் ஷம்பேன் நிலத்தில் ஏறத்தாழ 90 வீதம் கமக்காரருக்குரியதாயிருக்க, விற்பனையில் மூன்றில் இரு பங்குக்கு மேல் வணிக இல்லங்களின் கையிலேயே உள்ளது.

சேர்தோனில் நிலைத்த முறை

பியூஜேயின் வரலாறு வேறு வழியிற் சென்றது. 1601 ஆம் ஆண்டு லியோன் உடன்படிக்கையினால் சவோய் அரசிடமிருந்து பிரான்சுக்கு வந்த நிலம் அது. செங்குத்தான சரிவுகளில் சிறு துண்டுகளாக அமைந்த தோட்டங்கள் பெருவணிகத்துக்கு ஏற்றவையல்ல. அங்குக் கமக்காரன் முந்திரிகையோடு கால்நடையும் தானியமும் பேணிக் கலப்புப் பயிர்ச்செய்கையில் வாழ்ந்தவன். பிலொக்செராவுக்குப் பியூஜேயும் தப்பவில்லை; பின்னர் மீள நாட்டப்பட்ட பரப்பு பழைய பரப்பிலும் மிகச் சிறியது. பெருமுதல் நாடி வராத இவ்விடத்தில் விளைவிப்போனும் செய்வோனும் பெரும்பாலும் ஒருவராகவே நீடித்தனர்.

சேர்தோன் வைன் கமே, பூல்சார் என்னும் இரு கருநிற இனங்களிலிருந்து செய்யப்படுவது. பழம் கையாலேயே கொய்யப்படல் வேண்டுமென்பது விதி. பிழிந்தெடுத்த இளஞ்சிவப்புச் சாறு தாழ்ந்த வெப்பநிலையில் மெல்ல நொதிக்கவிடப்படும். இலீற்றருக்கு 200 கிராம் வெல்லமுள்ள சாறு முற்றாக நொதித்தால் ஏறத்தாழ 12 வீத அற்ககோல் உண்டாகும். சேர்தோனில் ஏறத்தாழ 6 வீதத்தை அடைந்ததும், அதாவது பாதி வெல்லம் எஞ்சியிருக்கும்போதே, சாறு குளிரூட்டப்பட்டு, மதுவத்தின் ஒரு பகுதி வடிகட்டி நீக்கப்பட்டுப் போத்தலில் அடைக்கப்படும். எஞ்சிய மதுவமே அங்கு நொதித்தலைத் தொடரும். மதுவம் குறைந்தும் அதன் உணவு நலிந்தும் இருப்பதாலும் குளிராலும், வெல்லம் முழுதும் தீருமுன்னரே அது ஓய்ந்துவிடும். முடிவில் அற்ககோல் 7 முதல் எட்டரை வீதம் வரையே இருக்கும். நுரையும் இனிப்பும் ஒருங்கே நிற்கும். ஷம்பேனில் இறுதியாகச் சேர்க்கப்படும் இனிப்புப் பாகு இதற்கு வேண்டியதில்லை.

முற்காலத்தில் நொதித்தலை நிறுத்தும் பணியைப் பியூஜேயின் மாரிக்குளிரே செய்தது. குளிர் தவறிய ஆண்டில் உழைப்பும் தவறியது. நம்பகமான வைனை ஆண்டுதோறும் செய்ய இயன்றது 20 ஆம் நூற்றாண்டிற் குளிரூட்டும் பொறியும், அமுக்கத்தை இழக்காமல் வடிகட்டும் கருவியும் சிறு தோட்டங்களுக்கும் எட்டிய பின்னரேயாகும். தொன்மையான முறையொன்று புதிய பொறிகளின் துணையினாலேயே தப்பிப் பிழைத்ததென்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஷம்பேனில் அறிவியல் வணிகனின் நிலவறையை முதலில் வளர்த்தது. சேர்தோனில் அது குடும்பத் தோட்டத்தைக் காத்தது. கருவியின் பயன் அதனை வாங்கும் ஆற்றல் எவரிடம் உண்டோ அவரையே சேரும் என்பதற்கு இவ்விரு நிலங்களும் சான்றாகும். 2009 ஆம் ஆண்டில் பியூஜே வைனுக்கு, சேர்தோன் என்ற ஊர்ப்பெயரும் உள்ளடங்க, சட்டப் பாதுகாப்புள்ள தோற்றப்பெயர் தகுதி கிடைத்தது. ஷம்பேனின் கமக்காரர் 1911 ஆம் ஆண்டில் தீயிட்டுக் கேட்ட பாதுகாப்பு, இங்குப் பயிரிடுவோரே செய்வோராகவும் இருந்த நிலையில் வந்து சேர்ந்தது.

இயற்கை என்னும் சொல்

கடந்த சில பத்தாண்டுகளாக இயற்கை வைன் என்னும் இயக்கம் பிரான்சிற் பரவியுள்ளது. போஜோலே பகுதியைச் சேர்ந்த வைன் வணிகரும் வேதியியல் ஆய்வாளருமான ஜூல் ஷோவேயின் (1907–1989) ஆய்வுகள் இதற்கு அடிப்படையாயின. அவருடைய கருத்துக்களை மார்செல் லப்பியேர் (1950–2010) தம் குடும்பத் தோட்டத்திற் செயற்படுத்தினார். 1990 ஆம் ஆண்டுகளில் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கிற் சில கமக்காரர், ஒரே நொதித்தலில் நுரைவைன் செய்யும் பழைய முறையை மீண்டும் கைக்கொண்டனர். 2020 ஆம் ஆண்டில் இயற்கை முறை வைன் என்னும் அடையாளத்தைப் பிரான்சிய அதிகாரிகள் ஏற்றுக்கொண்டனர். இரசாயனமின்றி விளைவித்துக் கையாற் கொய்த பழம், தோட்டத்துக்குரிய இயல்பான மதுவம், சேர்மானம் இன்மை, கந்தகம் இலீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படாமை என்பன அதன் முக்கிய விதிகள்.

இவ்விதிகளைக் கொண்டு, இயற்கை வைன் தானே உண்டாவதென எண்ணுதல் பிழையாகும். சீனியையும் விற்பனை மதுவத்தையும் கந்தகத்தையும் விலக்கியவன், அவை செய்த வேலையைத் தன் கவனத்தாற் செய்யவேண்டியவனாகின்றான். கெட்ட பழத்தைக் கொய்யும்போதே கழித்தல், பாத்திரங்களின் தூய்மை, இரவு பகலாக வெல்லத்தையும் வெப்பத்தையும் அளத்தல், அடைக்கும் நாளைத் தவறாது தெரிதல் ஆகியன அவன் மீது சுமையாகின்றன. பிழை நேர்ந்தாற் பல நூறு போத்தல்கள் ஒருங்கே பாழாகும். அவ்விழப்பைப் பகிர்ந்துகொள்ள வேறொருவரும் இல்லை. கூலிக்கு அமர்த்தப்படாத குடும்ப உழைப்பே இத்தகைய தொழிலைத் தாங்குகின்றது என்பதையும் மறத்தலாகாது. குடும்பத் தோட்டத்தைப் புகழ்வோர், அதன் பிள்ளைகள் நகரத்துத் தொழிலை நாடினால் அச்சரிவுகளில் எவர் கொடி கட்டுவார் என்னும் வினாவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நுரைவைனின் வரலாறு இடர்ப்பாட்டைச் சுமப்பவர் எவர் என்னும் வினாவின் வரலாறாகவே அமைகின்றது. போத்தல் உடையும் இழப்பைத் தாங்கவல்ல வணிகன் ஷம்பேனில் வைனையும் அதன் பெயரையும் தன்வயப்படுத்தினான். சேர்தோனில் அவ்விழப்பைச் சிறிய அளவில் தானே தாங்கிய கமக்காரக் குடும்பம் வைனையும் பெயரையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. முன்னது உலகெங்கும் பரவிய பெருஞ் செல்வத்தை ஈட்டியது; பின்னது தன் மலைச்சரிவுகளைத் தரிசாகாமற் காத்தது. இவற்றுள் எது பெரிதென்பது நாம் எதனை அளவுகோலாகக் கொள்கின்றோம் என்பதைப் பொறுத்தது. ஆனால் விளைவிப்பவனே செய்பவனாகவும், செய்பவனே பெயருக்கு உரியவனாகவும் இருத்தல் நடவாத காரியமன்று என்பதற்குச் சேர்தோனின் இளஞ்சிவப்பு வைன் கண்கூடான சான்றாக நிற்கின்றது.